மணவாளக்குறிச்சி மணலும் ஜெனட்டிக்ஸ் டாக்டரும்

மக்கா, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கட்டன் சாயா போட்டு பக்கத்துல வச்சுக்கிட்டு வாசிங்க.

நம்ம குமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி மணலைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் பேச்சு ரெண்டு இடத்துலதான் போய் நிக்கும். ஒண்ணு, 'அதுல தோரியம் இருக்கு, நாடே வல்லரசு ஆயிரும்'. இன்னொண்ணு, 'அந்த மணலாலதான் கடற்கரையில பிள்ளைங்க குறையோட பிறக்குது'. முதல் பேச்சுக்கு நான் வரல. ரெண்டாவதுக்கு நூறு வருஷ சரித்திரம் ஒண்ணு இருக்கு. அதுல ஜெர்மன்காரர் ஒருத்தர் வர்றார், எலி பிடிச்ச விஞ்ஞானி வர்றார், டெல்லி டாக்டர்கள் வர்றாங்க. வர வேண்டிய ஒரே ஒரு ஆள்தான் ரொம்ப காலமா வரல. அவர்தான் மரபியல் மருத்துவர், பேச்சுவழக்குல ஜெனட்டிக்ஸ் டாக்டர்.

மணல்ல இருந்தே ஆரம்பிப்போம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியல்காரர் திருவிதாங்கூர்ல இருந்து ஏற்றுமதியான கயித்துல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதுல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். கயித்தை வாங்கினவன் மணலைத் தட்டி விட்டுட்டுப் போயிருப்பான், இவர் எடுத்துப் பாத்திருக்கார். மோனசைட்ல தோரியம் உண்டு. அந்தக் காலத்துல தோரியத்துக்கு என்ன கிராக்கின்னா, காஸ் லைட்டு மேண்டில். நம்ம கல்யாண வீட்டுலயும் கோயில் கொடையிலயும் தலையில தூக்கிட்டுப் போவாங்களே பெட்ரோமாக்ஸ், அதுக்குள்ள வெள்ளையா வலை மாதிரி தொங்குமே, அது பளீர்னு எரியறதுக்குக் காரணம் தோரியம் ஆக்சைடு. ஐரோப்பாவுல அன்னைக்குத் தெருவிளக்குக்கே அதுதான். அப்போ மோனசைட் சந்தை பிரேசில் மணல் கையில இருந்தது. ஷோம்பர்க் நேரா மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலையைப் போட்டார், அப்புறம் கொல்லம் பக்கம் சவறாவுல ஒண்ணு. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் கையை விட்டுப் போய் பிரிட்டிஷ் கம்பெனிகள் கைக்கு வந்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆரம்பிச்சாங்க. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலையும் அவங்க வசம் வந்தது. இன்னைக்கும் அதுதான் நம்ம 'மணல் ஆலை'.

சரி, இதுல மரபியல் எங்க வருது?

தோரியம் கதிர்வீச்சு விடும். உலக சராசரியா ஒரு மனுஷன் இயற்கையில இருந்து வாங்கற கதிர்வீச்சு, சாப்பாடு, மூச்சு, வானம், தரை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். சவறா, நீண்டகரை பக்கத்து மணல் ஊர்கள்ல தரையில இருந்து வர்றது மட்டுமே வருஷத்துக்கு 1 மில்லிகிரேக்குக் கீழ இருந்து 45 மில்லிகிரே வரைக்கும் போகுதுன்னு அளந்திருக்காங்க. (மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் வேற வேற அலகு. ஆனா இந்த வகைக் கதிருக்கு எண்ணை ஏறக்குறைய அப்படியே ஒப்பிடலாம்.) மணல் திட்டுத்திட்டாக் கிடக்கறதால பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கே அளவு மாறும். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம் கடற்கரையிலயும் அதே ஜாதி மணல்தான்.

1956-ஐ ஞாபகம் வச்சுக்கிடுங்க. அந்த வருஷம் நவம்பர் 1-ல் நம்ம நாலு தாலுகாவும் தாய்த் தமிழகத்தோட சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அதே 1956-லதான் மனுஷனுக்கு குரோமோசோம் 48 இல்ல, 46-ன்னு ஜியோ, லெவான் ரெண்டு பேரும் ஸ்வீடன்ல இருந்து எழுதினாங்க. அதுவரைக்கும் முப்பது வருஷத்துக்கு மேல பாடப்புத்தகத்துல 48-ன்னுதான் இருந்தது! மூணு வருஷம் கழிச்சு 1959-ல் பாரிஸ்ல டர்பன், கோத்தியே, லெஜ்யூன் மூணு பேரும், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு 21-வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்குன்னு காட்டினாங்க. செல்லை வளர்த்து ஸ்லைடு போட்டது மார்த் கோத்தியே என்ற பெண்மணி. பேர் வாங்கினது லெஜ்யூன். இது தனிப் பதிவுக்கான விஷயம், விடுங்க.

ஹிரோஷிமாவுக்கு அப்புறம் உலகத்துக்கே ஒரு பயம் இருந்தது: கதிர்வீச்சு அடுத்த தலைமுறையைக் கெடுக்குமா? இதைத் தெரிஞ்சுக்க, தலைமுறை தலைமுறையா கதிர்வீச்சுலயே வாழற ஜனம் எங்க இருக்குன்னு தேடினாங்க. 1959-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன அறிக்கை, இந்த மாதிரி இடங்களை ஆராயணும்னு சொன்னப்போ கேரளக் கடற்கரை முக்கியமான இடமா வந்தது. 'கேரளக் கடற்கரை' என்ற பேரைக் கவனிங்க. மணல் முதல்ல கண்டெடுத்தது மணவாளக்குறிச்சியில. ஆனா எல்லை போட்டதுல நாம இந்தப் பக்கம். அதுக்கப்புறம் வந்த, இங்க நான் சொல்லப்போற பெரிய ஆய்வு எல்லாமே கொல்லம் பக்கத்துலதான் நடந்தது. கடலுக்கும் மணலுக்கும் எல்லை தெரியாது, ஆய்வுக் காகிதத்துக்குத் தெரியும் :-)

முதல்ல எண்ணினது மனுஷனை இல்ல, எலியை. ஹான்ஸ் க்ரூனபெர்க் என்ற பெரிய மரபியலாளர், ஹிட்லருக்குத் தப்பி லண்டன் வந்தவர், மணல் ஊர்கள்லயும் மணல் இல்லாத ஊர்கள்லயும் வீட்டு எலிகளைப் பிடிச்சு, எலும்பும் பல்லும் மாறியிருக்கான்னு ஒப்பிட்டார். எலி அதே மணல்ல பொந்து போட்டு வாழுது, மனுஷனை விட பலமடங்கு வேகமா தலைமுறை போடுது. நல்ல யோசனைதான். 1966-ல் அறிக்கை வந்தது. கதிர்வீச்சால மாறிப்போச்சுன்னு சொல்ற மாதிரி எதுவும் கிடைக்கல.

1976-ல்தான் வெடிச்சது. டெல்லி எய்ம்ஸ்ல இருந்து கொச்சுப்பிள்ளை, ஐ.சி. வர்மா, கிரேவால், ராமலிங்கசுவாமி நாலு பேரும் நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. மணல் பகுதியில 12,918 பேரைப் பார்த்ததுல டவுன் சிண்ட்ரோம் 12 பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த ஊர்ல 5,938 பேர்ல ஒருத்தர்கூட இல்ல. பத்திரிகைக்கு இது போதாதா? அடுத்த வருஷமே அதே நேச்சர்ல மறுப்பும் வந்தது. என் சிற்றறிவுக்கு எட்டின சந்தேகம் இதுதான்: உலகத்துல எங்கயும் ஏறக்குறைய 800 முதல் 1000 பிரசவத்துக்கு ஒரு டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறக்குது. அப்போ 12-ஐ விட அந்த பூஜ்யம்தான் விநோதம். சின்ன எண்ணிக்கையில இப்படி ஆகும். தாய்க்கு என்ன வயசு என்ற கேள்வி வேற இருக்கு. இருபதுகள்ல சுமார் 1,500 பிரசவத்துக்கு ஒண்ணு, 35 வயசுல 350-க்கு ஒண்ணு, 40-ல் 100-க்கு ஒண்ணுன்னு ஏறிக்கிட்டே போற விஷயம் அது.

அதனால பிறகு பெரிய அளவுல எண்ணினாங்க. பாபா அணு ஆராய்ச்சி மையம் கொல்லத்துல ஆய்வகம் வச்சு, 1995-ல் இருந்து 2011 வரைக்கும் ஆஸ்பத்திரிகள்ல பிறந்த 1,41,540 குழந்தைகளைப் பார்த்தது. இறந்து பிறந்ததும் சரி, பிறவிக்குறையும் சரி, கதிர்வீச்சு கூடக்கூட ஏறல. கருநாகப்பள்ளியில 69,958 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து பார்த்த புற்றுநோய் ஆய்வு 2009-ல் வந்தது, அதுலயும் மணலால கூடினதா தெரியல. 'அணுசக்தித் துறையே பரிட்சை எழுதி அதுவே திருத்துது'ன்னு கடற்கரையில கேக்கறாங்க. கேள்வி நியாயம்தான். அதுக்காக ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல போன எண்ணிக்கையைத் தூக்கிக் கடல்ல போட முடியாது. புற்றுநோய் ஆய்வுல இருந்தது திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஆட்கள், அதையும் சொல்லணும்.

எதிர்ப் பக்கத்துலயும் ஒரு சாட்சி உண்டு. 2002-ல் ஃபோர்ஸ்டர் குழு, அதே கொல்லம் பக்கத்து 248 குடும்பங்கள்ல 988 பேரோட எச்சிலை எடுத்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தாங்க. மணல் பக்கம் தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போறப்போ எழுத்து மாறினது அதிகம். ஆனா மாறின இடங்கள் எல்லாம் அறுபதாயிரம் வருஷமா மனுஷ இனத்துல இயல்பாவே மாறிக்கிட்டு இருக்கிற இடங்கள்தான், அதால நோய் வந்ததுன்னு அவங்களும் சொல்லல. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாத்தான் வரும், அப்பன் சொத்து ஒண்ணும் கிடையாது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் மருமக்கள் வழிச் சட்டத்தை 1926-ல் திருத்தி, கவிமணி மான்மியம் எழுதி கிண்டல் பண்ணி ஒருவழியா முடிச்சு வச்சோம். உடம்புக்குள்ள ஒரு மூலையில இன்னும் தாய்வழிதான் ஓடிட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க.

இவ்வளவும் எண்ணின கதை. எண்ணப்பட்ட வீட்டுல என்ன நடந்தது?

எனக்குத் தெரிஞ்ச கடற்கரை வீடு ஒண்ணு. ஊர் பேர் வேண்டாம். முதல் பிள்ளை டவுன் சிண்ட்ரோம். அந்த அக்காவுக்கு அப்போ 24 வயசு. ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி ஒரு காகிதம் கொடுத்தாங்க. அதை யாரும் வாசிச்சுச் சொல்லல. அக்கா அதைப் பாலிதீன் கவர்ல போட்டு பெட்டிக்குள்ள பத்திரமா வச்சுட்டா. ஊர் சும்மா இருக்குமா? கிரகணத்துல வெளிய வந்தாள்னு ஒருத்தி, ஆலை மணல்ல வீட்டு முற்றம் போட்டதுன்னு ஒருத்தர், 'அவங்க ரத்தமே அப்படி'ன்னு இன்னொருத்தர். இந்த மூணாவது பேச்சுதான் கொல்லும். தங்கச்சிக்கு வந்த ரெண்டு சம்பந்தம் அதுல தட்டிப்போச்சு. அக்கா ரெண்டாவது பிள்ளை வேண்டாம்னு இருந்துட்டா. பதினோரு வருஷம்.

அந்தக் காகிதத்துல இருந்தது ஒரே வரி: 47, எக்ஸ்எக்ஸ், +21.

இந்த வரியை வாசிக்கத் தெரிஞ்சவர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எப்படின்னு சொல்றேன். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்க எல்லாம் பார்க்க ஒரே சாடையில இருப்பாங்க, காரணம் ஒண்ணு இல்ல. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு 21-வது குரோமோசோம் தனியா ஒண்ணு கூடுதலா இருக்கும், மொத்தம் 47. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகறப்போ குரோமோசோம் பிரியாம ஒட்டிக்கிட்டு வந்த விபத்து அது. அதே தாய்க்கு மறுபடி வர்றதுக்கு வாய்ப்பு, இளவயசுல, நூத்துக்கு ஒண்ணு போல. தங்கச்சிக்கோ, சித்தி மகளுக்கோ இதால தனியா ஆபத்து எதுவும் கூடாது. ஆனா நூத்துக்கு மூணு நாலு பேருக்குக் கூடுதல் 21 போய் இன்னொரு குரோமோசோம்ல ஒட்டியிருக்கும். ரிப்போர்ட்ல எண் 46-ன்னுதான் இருக்கும், பின்னால டிரான்ஸ்லொகேஷன்னு வரும். இதைப் பார்த்தா அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தே ஆகணும். அவங்கள்ல ஒருத்தர் நல்ல ஆரோக்கியமா இருந்துக்கிட்டே அதைச் சுமக்கலாம், அப்படின்னா தங்கச்சிக்கும் பார்க்கணும். அபூர்வமா, ரெண்டு 21-ம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினதைச் சுமக்கிறவருக்கு, பிறக்கிற பிள்ளை எல்லாமே டவுன் சிண்ட்ரோமா இருக்கும். ஆக 47-ஆ 46-ஆ என்பதுல ஒரு குடும்பத்தோட தலையெழுத்தே மாறுது.

கடைசியில ஒரு மரபியல் டாக்டர் இருபது நிமிஷம் உக்கார வச்சு இதைச் சொன்னார். அக்கா கேட்ட முதல் கேள்வி, 'மணலாலயா சார்?' அவர் சொன்னது: ஒரு பிள்ளையை வச்சு அதைச் சொல்ல யாராலயும் முடியாது, ஆனா லட்சக்கணக்குல எண்ணிப் பார்த்ததுல மணல் ஊர்ல கூடுதலா இல்ல, நீங்க செஞ்ச எதாலயும் இது வரல. ரெண்டாவது கேள்வி தங்கச்சியைப் பத்தி. ஒரு கடிதமே எழுதிக் கொடுத்தார்.

இதுதான் அந்த டாக்டரோட வேலை. வெறும் லேப் ஆள் இல்ல, முழு டாக்டர். எம்.பி.பி.எஸ். முடிச்சு, குழந்தை மருத்துவமோ மகப்பேறோ பொது மருத்துவமோ எம்.டி. படிச்சு, அதுக்கு மேல மரபியல் படிச்சவர். முதல்ல குடும்ப மரம் வரைவார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துல கட்டினா இரட்டைக் கோடு. நம்ம பக்கத்துப் படத்துல அந்த இரட்டைக் கோடு அடிக்கடி வரும். மாமன் மகள், அத்தை மகன்னு கட்டறது இருக்கே. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 28 கல்யாணம் சொந்தத்துல. எல்லை தாண்டினா கேரளாவுல ரொம்பக் குறைவு. அம்மாவும் அப்பாவும் ஒரே பழுதான ஜீனை ஒரே தாத்தாகிட்ட இருந்து வாங்கியிருக்கிற வாய்ப்பு இதால கூடுது. என்னைக் கேட்டா, பிறவிக்குறைக்கு மணலைக் கேக்கறதுக்கு முன்னால நம்ம கல்யாணப் பத்திரிகையைக் கேக்கணும். இதைச் சொன்னா சொந்தக்காரங்க அடிக்க வருவாங்க.

பிறகு பிள்ளையோட காது, கண் இமை, உள்ளங்கை ரேகை வரைக்கும் பார்ப்பார். எந்த டெஸ்ட் தேவை, எது வீண் செலவுன்னு சொல்வார். ரிப்போர்ட்ல 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்'னு ஒரு வாசகம் வரும், அதைப் பார்த்து பாதிப்பேர் அலறிடுவாங்க. அதுக்கு அர்த்தம், இப்போதைக்கு இதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்கன்னுதான். கர்ப்பத்துலயே தெரிஞ்சா என்னென்ன வழி இருக்கு, சட்டம் எத்தனை வாரம் வரைக்கும் விடுதுன்னும் சொல்வார். 2021 திருத்தத்துக்கு அப்புறம், சிசுவுக்குப் பெரிய குறைன்னா 24 வாரத்துக்கு மேலயும் மருத்துவக் குழு அனுமதிக்கலாம். முடிவு குடும்பத்தோடது.

இந்த மருத்துவத்தை இந்தியாவுல வளர்த்தவர்கள்ல பெரிய பேரு ஐ.சி. வர்மா. ஆமா, 1976 கட்டுரையில இருந்த அதே வர்மா. டெல்லியில மரபியல் கிளினிக் நடத்தினவர் பேரு நம்ம கடற்கரையை எண்ணின காகிதத்துல இருக்கு, ஆனா அந்த மாதிரி கிளினிக் ஒண்ணு நம்ம கைக்கு எட்டற தூரத்துல வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆச்சு. லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யில டி.எம். மெடிக்கல் ஜெனட்டிக்ஸ் படிப்பு வந்த பிறகுதான் ஆட்களே உருவானாங்க. இன்னைக்கும் இத்தனை கோடி ஜனத்துக்குச் சில நூறு பேர் தேறினாலே பெரிய விஷயம்.

இப்போ எங்க போகணும்னு கேட்டா: குழந்தைன்னா முதல்ல மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு வச்சது, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் குழந்தைகள் பிரிவுல கேட்டா வழி சொல்வாங்க. அங்க மரபியல் டாக்டர் இருப்பார்னு நினைச்சுப் போகாதீங்க, மேல அனுப்பச் சீட்டு வாங்கப் போங்க. அந்தச் சீட்டு ரொம்ப முக்கியம். நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் வளாகத்துலயே. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்த பிறகு மத்திய அரசு அறிவிச்ச சிறப்பு மையங்கள்ல அதுவும் ஒண்ணு, சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. பட்டியல்ல இருக்கிற அரிய நோய்னா இந்த மையங்கள் வழியாத்தான் 50 லட்சம் வரைக்கும் உதவி கேக்க முடியும். வேலூர் சி.எம்.சி.யில மரபியலுக்குத் தனித் துறையே இருக்கு. தனியார்ல தேடினா, போர்டுல 'ஜெனட்டிக்ஸ்'னு போட்டிருக்கறதை நம்பாதீங்க. டாக்டர் பேருக்குப் பின்னால டி.எம். அல்லது டிஆர்.என்.பி. மெடிக்கல் ஜெனட்டிக்ஸ் இருக்கான்னு பாருங்க. ரத்தம் எடுத்து ஊருக்கு அனுப்பற லேப் வேற, கவுன்சலர் வேற, டாக்டர் வேற. கவுன்சலரும் நல்லா விளக்குவாங்க, ஆனா நோயைக் கண்டுபிடிச்சுச் சொல்றது டாக்டர் வேலை.

போகும்போது பழைய காகிதம் ஒண்ணு விடாம எடுத்துக்கோங்க. சின்ன வயசுல இறந்துபோன சித்தப்பா, பிறந்த அன்னைக்கே போன பிள்ளை, கலைஞ்ச கர்ப்பம், வீட்டுல பேசவே கூடாதுன்னு வச்சிருக்கிற விஷயம் எல்லாத்தையும் ஆச்சிகிட்ட கேட்டு எழுதிக்கிட்டுப் போங்க. குடும்ப போட்டோ இருந்தா அதுவும். ஓ.பி. எந்தக் கிழமைன்னு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க. இரணியல்ல காலை ரயிலைப் பிடிச்சா போதும், இல்லேன்னா வடசேரியில பஸ்.